சொன்ன எடை

அந்தத் துணிக்கடையின் கீழ்த்தளத்தில், படிக்கட்டுக்கு அடியில், ஜன்னல் இல்லாத ஓர் அறை உண்டு. மேலே வாங்கிய பேன்ட் நீளமாக இருந்தாலும், பாவாடை இடுப்பில் பிடித்தாலும், சட்டை தோளில் தொங்கினாலும் ஆட்களை அங்கேதான் அனுப்புவார்கள். இரண்டு தையல் மெஷின், ஒரு இஸ்திரி மேஜை, ஆளுயரக் கண்ணாடி, துணி மாற்றிக்கொள்ளத் திரை போட்ட ஒரு மூலை. இவற்றுக்கு நடுவே, கழுத்தில் இன்ச் டேப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு ஆல்டரேஷன் அக்கா. கட்டிங் மாஸ்டரிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லாருக்கும் பதினேழு வருஷமாக அவள் ஆல்டரேஷன் அக்காதான்.

அக்கா குண்டு. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. பூசினாற்போல உடம்பு, வாட்டசாட்டம் என்றெல்லாம் மெழுகலாம். அவளே கேட்டுச் சிரிப்பாள். மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற சந்தில் பக்கவாட்டில் திரும்பித்தான் அவளால் நுழைய முடியும். வயது நாற்பத்து மூன்று. கல்யாணப் பேச்சு இரண்டு மூன்று தடவை எழுந்தது. வந்தவர்கள் ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார்கள். அப்புறம் பேச்சே எழவில்லை. அம்மா போன பிறகு ஒற்றை அறை, ஒற்றை அடுப்பு, ஒற்றைத் தட்டு. அண்ணன் ஒருவன் இருக்கிறான், எட்டு மணி நேரப் பஸ் பயணத்துக்கு அப்பால், பெண்டாட்டி பிள்ளைகளோடு.

ஆனால் வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவளிடம் ஒரு பழக்கம் உண்டு, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வந்த வினை எல்லாம் அதிலிருந்துதான் வந்தது. துணி பிரிக்க வருகிற பெண்கள் இடுப்பளவில் பொய் சொல்வார்கள். ஆண்களும் சொல்வார்கள், கொஞ்சம் சத்தமாகச் சொல்வார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். முப்பத்திரண்டு என்பாள் ஒருத்தி. டேப் முப்பத்தாறு காட்டும். அக்கா முகத்தில் ஒரு ரேகை மாறாது. சீட்டில் அவள் பார்க்கும்படி முப்பத்திரண்டு என்றே எழுதுவாள். எழுதிவிட்டு, அந்த எண்ணுக்குப் பக்கத்தில் நீலப் பென்சிலால் நான்கு புள்ளி வைப்பாள். ஒரு புள்ளிக்கு ஓர் இன்ச். தைக்கும்போது புள்ளிகளையும் சேர்த்துக்கொண்டு தைப்பாள். மறுநாள் வந்து போட்டுப் பார்த்தால் கச்சிதமாக இருக்கும். “பாத்தீங்களா, நான் இன்னும் முப்பத்திரண்டுதான்” என்று அந்தப் பெண் கண்ணாடி முன்னால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சந்தோஷமாகப் போவாள்.

கட்டிங் மாஸ்டர் ஒருமுறை இந்தப் புள்ளிகளைப் பற்றிக் கேட்டார். “ஆளு சொல்றதை எழுதணும் மாஸ்டர், ஒடம்பு சொல்றதைத் தைக்கணும். எதுக்கு வந்தவங்களை வெட்கப்பட வைக்கணும்?” என்றாள் அக்கா. மாஸ்டர் தலையை ஆட்டிவிட்டு டீ குடிக்கப் போனார்.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம், ஆள் வராத நேரத்தில், அவள் தன் சட்டையையே பிரித்து விடலாம் என்று திரைக்குப் பின்னால் நின்று அளவெடுத்துக்கொண்டிருந்தாள். வருஷத்துக்கு ஒருமுறை செய்கிற வேலைதான். டேப்பை மார்புக்குக் குறுக்கே இழுத்தபோது விரல் ஓரிடத்தில் நின்றுவிட்டது. லைனிங் துணிக்கு அடியில் ஊசிமுனை தங்கியிருந்தால்கூட அந்த விரலுக்குத் தெரியும். இடது மார்பில், அக்குள் பக்கமாக, ஆழத்தில் ஏதோ கெட்டியாக இருந்தது. அழுத்திப் பார்த்தாள். வலிக்கவில்லை. நகரவும் இல்லை.

உடனே டாக்டரிடம் ஓடினாளா என்று கேட்கிறீர்களா? ஓடவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் முழங்கால் வலி என்று ஒரு டாக்டரிடம் போயிருந்தாள். அந்த மனிதர் முழங்காலைத் தொடவே இல்லை. நாற்காலியில் அவள் உட்கார்வதைப் பார்த்தார், “முதல்ல எடையைக் குறைச்சிட்டு வாங்க” என்றார், முடிந்தது. அதற்கு முன்னால் காது வலிக்குப் போனபோதும் அதே பாட்டுதான். காதுக்கும் எடைக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்டிருக்கலாம், அவள் கேட்கவில்லை. அதனால் இந்தத் தடவை அந்தப் பேச்சு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தாள். முதலில் இளைப்பது, அப்புறம் காட்டுவது. விருந்தாளி வருவதற்கு முன்னால் வீட்டைக் கூட்டிப் பெருக்குவது போல.

நான்கு மாதம் இதில் போயிற்று. ராத்திரிச் சோற்றை நிறுத்தினாள். காலையில் கடைவரைக்கும் நடந்தாள். ஐந்து கிலோ குறைந்தது. கட்டி மட்டும் குறையவில்லை, வளர்ந்தது. நான்காவது மாதம் அது சட்டைக்கு மேலேயே கைக்குத் தட்டுப்பட்டது. அன்றைக்கே லீவு சொல்லிவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அங்கே இருந்த டாக்டர் நடுவயதுப் பெண்மணி. பேசும்போது முகத்தைப் பார்த்துப் பேசினார். கட்டியைத் தொட்டுப் பார்த்தார், ஸ்கேன் எடுக்கச் சொன்னார், ஊசி போட்டுத் துளி சதை எடுத்து அனுப்பினார். பத்து நாள் கழித்துக் கூப்பிட்டு, புற்றுநோய்தான் என்றார். நாலு புள்ளி ரெண்டு சென்டிமீட்டர் என்றார். மூன்று பரிசோதனையிலும் நெகடிவ் வந்திருக்கிறது என்றார். நெகடிவ் என்றதும் அக்காவுக்கு ஒரு நிமிஷம் உயிர் வந்தது. டாக்டர் மெதுவாக விளக்கினார். சில கட்டிகளுக்கு மருந்து பிடித்துக்கொள்ள மூன்று பிடி இருக்கும். அதில் ஒன்றாவது இருந்தால் அதற்கென்று தனி மாத்திரை, தனி ஊசி உண்டு. இந்த வகைக்கு மூன்றுமே இல்லை. வேகமாக வளரும், சீக்கிரம் பரவும். இங்கே கொடுக்க முடிவது கீமோ ஒன்றுதான். முதலில் அதைக் கொடுத்துக் கட்டியைச் சுருக்க வேண்டும், சுருங்கின பிறகு ஆபரேஷன்.

அக்கா மடியில் இருந்த பையின் வாரைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

“நான் குண்டா இருக்கிறதாலதான் வந்துச்சா டாக்டர்?”

“அது ஒரு காரணமா இருக்கலாம்” என்றார். “உங்க வயசுல, மாதவிடாய் நிக்கிறதுக்கு முன்னாடி, எடை கூடுதலா இருக்கிறவங்களுக்கு இந்த வகை கொஞ்சம் அதிகமா வருதுன்னு ஆராய்ச்சி பண்ணவங்க சொல்றாங்க. ஆனா ஒல்லியா இருக்கிறவங்களுக்கும் வருது. உங்களுக்கு எதனால வந்துச்சுன்னு என்னால விரலை வெச்சுக் காட்ட முடியாது. நீங்க செஞ்ச தப்புன்னு மட்டும் நினைச்சுக்காதீங்க.”

எவ்வளவு நிதானமாகச் சொன்னார்! இவளோ முதல் வாக்கியத்தை மட்டும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள், மற்றதை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். மனுஷ மனசுக்கு அப்படி ஒரு கெட்ட புத்தி. வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தவள், தட்டில் போட்ட சோற்றைப் பார்த்தாள். இதைத் தின்றுதான் அதை வளர்த்தேன் என்று தோன்றியது. சாப்பிடாமல் மூடி வைத்தாள்.

அண்ணனுக்குச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் வரும். முதலில் அண்ணி பேசுவாள். நடக்கிறாயா, இனிப்பை விட்டாயா, எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் மூன்றே மாதத்தில் பதினைந்து கிலோ இறங்கிவிட்டாள் தெரியுமா என்பாள். அண்ணி கெட்டவள் இல்லை. அக்கறையை அப்படித்தான் அவளுக்குக் காட்டத் தெரியும். கடைசியில் போன் அண்ணன் கைக்கு வரும். “ஒடம்பைப் பாத்துக்க” என்பான். அவ்வளவுதான், வைத்துவிடுவான். விஷயத்தைச் சொன்னால் அண்ணி வாயிலிருந்து வரப்போகிற முதல் வார்த்தை அக்காவுக்கு மனப்பாடம்: அப்பவே சொன்னேனே. அந்த ஒரு வார்த்தையைக் கேட்கத் தெம்பு இல்லாமல்தான் வாயை மூடிக்கொண்டாள். கடையில் முழங்காலுக்கு வைத்தியம் என்றாள். குண்டுப் பெண்ணுக்கு முழங்கால் வைத்தியம் என்றால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை.

முதல் கீமோவுக்குப் போன அன்று, ஹாலுக்கு வெளியே வராந்தாவில் ஒரு சின்ன எடை மெஷின் வைத்திருந்தார்கள். கண்ணாடிப் பலகை, வீடுகளில் குளியலறை ஓரம் கிடக்குமே அந்த மாதிரி. அதற்கு எதிரே இரண்டு பெஞ்சு நிறைய ஆட்கள், செய்ய வேறு வேலை இல்லாமல் ஏறுகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சீட்டுப் புத்தகத்தோடு நின்ற சிஸ்டர் சின்னப் பெண். அவள் கண்ணாடிப் பலகையைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், மறுபடி பலகையைப் பார்த்தாள். பலகை உடைந்துவிடுமோ என்ற பயம் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. அதைச் சொல்ல அந்தப் பெண்ணுக்கு வாய் வரவில்லை.

“தெரிஞ்ச எடை இருந்தா சொல்லுங்க அக்கா, போதும்” என்றாள் தாழ்ந்த குரலில்.

மருந்துக்கடை வாசல் மெஷினில் முந்தின வாரம் அக்கா பார்த்தது நூற்றுப் பதினேழு. பெஞ்சில் இருந்தவர்கள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

“எண்பத்தெட்டு” என்றாள்.

சிஸ்டர் அவளுடைய அட்டையில் எழுதிக்கொண்டாள். அடுத்த கட்டத்தில், உடன் வந்தவர் யார் என்று இருந்தது. “அண்ணன். கீழ வண்டி நிறுத்திட்டு இருக்கார்” என்றாள் அக்கா. அதுவும் எழுதப்பட்டது.

இதில் அவளுக்கு உறுத்தல் ஏதும் இல்லை என்று சொன்னால் நம்புவீர்களா? உண்மையிலேயே இல்லை. தான் சொன்னதைத்தான் எழுத வேண்டும், அது மரியாதை. ஆனால் எதிரே நிற்கிறவளுக்குக் கண் இருக்கிறது. எண்பத்தெட்டுக்கும் தனக்கும் எத்தனை தூரம் என்று பார்த்தாலே தெரியும். மருந்து போடுகிற இடத்தில் அதற்குத் தக்கபடி கூட்டிக்கொள்வார்கள். பதினேழு வருஷமாகத் தான் செய்கிற வேலையை உலகத்தில் மற்றவர்களும் செய்வார்கள் என்று அவள் நினைத்தாள். அந்தச் சிஸ்டரைப் பற்றி நல்ல பெண், பண்பான பெண் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து இரண்டாம் தடவை. பக்கத்து நாற்காலியில் ஒரு கண்டக்டரம்மா உட்கார்ந்திருந்தார். பஸ்ஸில் இருபத்தைந்து வருஷம் நின்றே வேலை பார்த்தவர். காற்றடித்தால் பறந்துவிடுவார் போல அத்தனை ஒல்லி. அவருக்கும் அதே வகைக் கட்டிதான் என்று தெரிந்ததும் அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். ஒல்லியானவர்களுக்கும் வருகிறது என்று டாக்டர் சொன்னது அப்போதுதான் அவள் காதுக்குள் ஏறியது. ஆனாலும் மனசு, உனக்கு வேறே கணக்கு என்றது.

அன்றைக்கும் சிஸ்டர் அருகில் வந்து எடை கேட்டாள். மரியாதைக்கு ஒரு கிலோ குறைத்து, “எண்பத்தேழு” என்றாள் அக்கா. நாற்காலிப் பக்கம் மாட்டியிருந்த அட்டையை அப்புறம் எட்டிப் பார்த்தாள். எண்பத்தேழு என்ற எண்ணுக்குப் பக்கத்தில் நீல மையில் ஒரு புள்ளி இருந்தது. அதைப் பார்த்ததும் அவள் உடம்பே தளர்ந்து நாற்காலியில் சாய்ந்தது. ஒரே ஒரு புள்ளிதான். இவர்கள் வழக்கத்தில் ஒரு புள்ளிக்குப் பத்துக் கிலோவோ முப்பது கிலோவோ, யாருக்குத் தெரியும்! அந்த நாள் முழுக்க, தன்னை யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்று அவளுக்கு இருந்தது. அப்படி ஒரு நினைப்பு வந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

முடி கொட்டியது. தலையில் துணி கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். மற்றபடி மருந்து அவளை அதிகம் படுத்தவில்லை. கண்டக்டரம்மா வாந்தியில் சுருண்டு கிடந்த கதையைச் சொன்னபோது, எனக்கு ஒன்றுமே இல்லை என்று அக்கா கொஞ்சம் பெருமையோடுகூடச் சொன்னாள். இந்தப் பருத்த உடம்பு ஒரு விஷயத்துக்காவது உதவியது என்று நினைத்தாள். பாவம்.

இரண்டாவது தடவை முடிந்து ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். நாலு புள்ளி ரெண்டு இருந்தது நாலு புள்ளி ஒன்று ஆகியிருந்தது. அக்கா சந்தோஷப்பட வாயெடுத்தாள். டாக்டர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

“இது குறைஞ்சதுன்னு சொல்ல முடியாது” என்றார் டாக்டர். “ரத்தத்துல வெள்ளை அணுவும் நான் நினைச்ச அளவு இறங்கல. மருந்து உங்களைத் தொட்ட மாதிரியே தெரியல. மூணாவது டோஸ் போட்டுப் பாப்போம். அதுக்கும் அசையலைன்னா இந்த மருந்து கேக்கலைன்னு நிறுத்திடுவேன். வேற மருந்து இருக்கு. ஆனா இந்த அளவுக்கு நம்பிக்கையா இருக்கிறது இல்ல.”

அக்கா தலையை ஆட்டினாள். படியிறங்கி, பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு, யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று போனைக் கையில் எடுத்தாள். அண்ணன், கடை, மாஸ்டர், காஸ் கொண்டுவருகிறவர் என்று பட்டியல் ஓடியது. போனை உள்ளே வைத்தாள். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமையும் இல்லை.

மூன்றாவது தடவை வந்தபோது வராந்தாவில் கூட்டம் நெரிந்தது. கண்டக்டரம்மா அவளுக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணாடிப் பலகை மேல் ஏறினார். நாற்பத்து மூன்று என்று வந்தது. திரும்பி வந்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, இன்னும் இரண்டு கிலோ போய்விட்டது, போன தடவையே மருந்தைக் குறைத்தார்கள், இந்தத் தடவையும் குறைப்பார்கள் என்று அலுத்துக்கொண்டார்.

“எடை குறைஞ்சா மருந்தைக் குறைப்பாங்களா?” என்று கேட்டாள் அக்கா.

“பின்னே? எடைக்கும் உயரத்துக்கும் தக்கதானே மருந்து. பஸ்ஸுல அரை டிக்கெட், முழு டிக்கெட் இல்லையா, அது மாதிரி.”

“அதை ஆளைப் பாத்துக் கூட்டிக் குறைச்சுக்குவாங்கதானே?”

கண்டக்டரம்மா சிரித்தார். “எங்க பாக்குறது? மருந்து கலக்குற ஆள் பின்னால இருக்கிற கட்டடத்துல கண்ணாடி ரூமுக்குள்ள உக்காந்திருக்கார். அவர் உங்க மூஞ்சியையே பாத்தது கிடையாது. பேப்பர்ல என்ன எடை இருக்கோ, அதுக்குத்தான் கலக்குவார்.”

பின் கட்டடத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், முகம் தெரியாத ஒருவர் எண்பத்தேழு கிலோப் பெண் ஒருத்திக்கு மருந்து கலக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் உலகத்தில் எங்கேயும் கிடையாது. அவளுக்காகக் கலந்த மருந்துதான் இரண்டு தடவை இந்த உடம்புக்குள் போயிருக்கிறது. இரண்டு மீட்டர் வேண்டிய இடத்தில் ஒன்றே முக்கால் மீட்டரைப் போட்டால் சட்டை எப்படி மூடும்? தையல்காரிக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சிஸ்டர் புத்தகமும் அட்டையுமாக வந்தாள். இப்போது பழக்கமாகிவிட்டதால் சிரித்துக்கொண்டே வந்தாள்.

“அக்கா, போன தடவை எண்பத்தேழு. அதேதானா?”

ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். வேலை முடிந்தது. இரண்டு பெஞ்சிலும் ஆள் இருந்தது. ஒருவர் செய்தித்தாளை இறக்கிவிட்டுப் பார்த்தார். ஒரு அம்மாள் தன் மகளோடு பேசுவதை நிறுத்தினாள். சொன்னால் எடை மட்டும் வெளியே வராது, பொய் சொன்னதும் வரும். இந்தச் சின்னப் பெண்ணுக்கும் திட்டு விழும்.

“சிஸ்டர், அந்த அட்டையில எண்பத்தேழு பக்கத்துல ஒரு புள்ளி இருக்கே, அது எதுக்கு?”

சிஸ்டர் அட்டையைப் புரட்டிப் பார்த்தாள். “இதுவா? பேனா பட்டிருக்கும் அக்கா.”

“எண்பத்தேழு இல்ல” என்றாள் அக்கா. “நூத்திப் பதிமூணு.”

சிஸ்டர் குனிந்து, மெதுவாகச் சொல்லுங்கள் என்று கிசுகிசுத்தாள். அக்காவின் நல்லதுக்குத்தான் சொன்னாள். அக்கா மெதுவாகச் சொல்லவில்லை.

“நூத்திப் பதிமூணு. முதல் தடவையும் பொய்தான் சொன்னேன். எழுதுங்க.”

செய்தித்தாள் மனிதர் அதை மறுபடி தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். சிஸ்டர் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு டாக்டர் அறைக்கு ஓடினாள்.

டாக்டர் வந்து கத்தவில்லை. கத்தியிருந்தால் அக்காவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். நின்றபடியே கணக்குப் போட்டுப் பார்த்தார், ஏழெட்டில் ஒரு பங்கு குறைந்து போயிருக்கிறது என்றார். பிறகு சிஸ்டரைத் திரும்பிப் பார்த்தார்.

“அந்தப் பொண்ணைத் திட்டாதீங்க டாக்டர். நான் சொன்னதைத்தான் எழுதுச்சு” என்றாள் அக்கா.

“அதுதான் தப்பு” என்றார் டாக்டர். “நிக்க வெச்சுப் பாக்கணும். நானும் கேட்டிருக்கணும்.”

கண்ணாடிப் பலகை தாங்காது. ஆகவே துவைக்கிற துணிக்கட்டுகளை எடை போடுகிற இரும்பு மேடைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். தரைத்தளத்தின் கடைசியில் இருந்தது அந்த இடம். படுக்கை விரிப்பு மூட்டைகளை ஒருவர் ஒதுக்கித் தள்ளி வழி விட்டார். அக்கா செருப்பைக் கழற்றினாள். பையைச் சிஸ்டரிடம் கொடுத்தாள். ஏறி நின்று, கண்ணை வேறெங்கும் திருப்பாமல் முள்ளைப் பார்த்தாள். நூற்று இருபத்தொன்று.

அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. நூற்றுப் பதினேழிலிருந்து நாலு கிலோவாவது இறங்கியிருக்கும் என்று அவள் பாட்டுக்குக் கழித்துக்கொண்டு நூற்றுப் பதிமூன்று என்று நம்பியிருந்தாள். வாந்திக்கென்று கொடுத்த மாத்திரையில் பசி எடுத்து, அவளுக்கே தெரியாமல் ஏறியிருக்கிறது. ஊருக்குச் சொன்ன அளவு ஒன்று, தனக்குத் தானே சொல்லிக்கொண்ட அளவு ஒன்று. இரண்டுமே இல்லை என்று அந்த இரும்பு முள் சொல்லிற்று.

“முன்னால போட்ட ரெண்டும் வீணா டாக்டர்?” என்று கேட்டாள், மேடையிலிருந்து இறங்காமலேயே.

“வீண் இல்ல. குறைவு. குறைஞ்சு போனதைத் திருப்பிக் கொடுக்க முடியாது. இனிமே முழுசாக் கொடுப்போம். அது கேக்குதா இல்லையான்னு ஆறு வாரம் கழிச்சு ஸ்கேன்லதான் தெரியும்.” அவள் இறங்குவதற்கு டாக்டர் கை நீட்டினார். “இன்னைக்குச் சொன்னீங்களே. அடுத்த மாசம் சொல்லியிருந்தா நான் இந்த மருந்தையே நிறுத்தியிருப்பேன்.”

புது அளவு எழுதிப் பின் கட்டடத்துக்கு அனுப்பினார்கள். மருந்து வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதற்குள் கண்டக்டரம்மாவின் மருந்துப் பை காலியாகிவிட்டது. எழுந்தவர் அக்கா தோளில் கை வைத்து, “முழு டிக்கெட் எடுத்துட்டீங்க, உக்காந்து போங்க” என்று சொல்லிவிட்டு, வாசலில் நின்ற தன் மகனோடு போனார். பிறகு ஒவ்வொரு நாற்காலியாகக் காலியாயிற்று. கூட வந்தவர்கள் தட்டு டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனார்கள். ஹாலில் அக்காவும், கம்பியில் தொங்குகிற பையும், மூலையில் மேஜை போட்டு எழுதுகிற சிஸ்டரும் மட்டும் இருந்தார்கள். சொட்டுச் சொட்டாக இறங்குவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. யாராவது பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் வந்திருக்கும்.

முக்கால் பை இறங்கியபோது சிஸ்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். அழுது துடைத்த முகம். குரலில் பழைய குழைவு போய், ஒரு கண்டிப்பு வந்திருந்தது.

“அக்கா, இது முழு அளவு. முன்ன மாதிரி இருக்காது. ரெண்டு மூணு நாள்ல காய்ச்சல் வரலாம், வாந்தி வரலாம், எழுந்திரிக்கவே முடியாமப் போகலாம். காய்ச்சல் வந்தா ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது, இங்க தூக்கிட்டு வந்துடணும். வீட்ல கட்டாயம் ஒரு ஆள் கூட இருக்கணும். உங்க அண்ணன் கீழதானே இருக்கார்? மேல வரச் சொல்லுங்க, நான் அவர்கிட்ட நேர்ல சொல்லணும்.”

அக்கா படிக்கட்டுப் பக்கம் பார்த்தாள். ஏதோ நிஜமாகவே ஒருவர் சாவியைச் சுழற்றிக்கொண்டு ஏறி வரப்போகிறார் என்பது போலப் பார்த்தாள். நூற்றுப் பதிமூன்றைச் சொல்ல இரண்டு பெஞ்சு ஆட்கள் முன்னால் வாய் வந்தது. இப்போது எதிரே ஒரே ஒரு பெண்தான், வாய் வரவில்லை. அந்த எடையை அத்தனை வருஷமாகக் கண்ணால் எல்லாரும் பார்த்தார்கள். இந்தத் தனிமையை யாரும் பார்த்ததில்லை.

“அண்ணன் இல்ல சிஸ்டர்” என்றாள். “மூணு தடவையும் தனியாதான் வந்தேன். வீட்லயும் யாரும் இல்ல. யாருக்கும் நான் சொல்லல.”

சிஸ்டர் அட்டையைத் திருப்பினாள். உடன் வந்தவர் என்ற கட்டத்தில் அண்ணன் என்று இருந்ததைக் கோடு போட்டு அடித்தாள். மேலே, யாரும் இல்லை என்று எழுதினாள். அக்கா கழுத்தை நீட்டி அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதி முடித்தபின் அது பக்கத்தில் ஒரு புள்ளி வைக்க இன்னொரு முறை காகிதத்தைத் தொடுமா என்று பார்த்தாள். சிஸ்டர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டாள்.